வெள்ளிமலை பஸ்ஸுக்கு ஒரு ஜெபம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். மலைமேல் வெள்ளிமலையில் என் சின்ன மகளுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டதாம். பஸ்ஸைக் காணோம். போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அதற்காக யாரையும் கேட்கிற ஆள் நான் இல்லை. "ஆண்டவரே, பஸ்ஸை அனுப்பும்" என்று கண்ணை மூடுகிறேன். என் ஜெபம் நிதானமாகத்தான் போகும். மகளில் தொடங்கி, மருமகன், அவர் மாடு வரைக்கும் வரும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பக்கத்தில் கொய்யா விற்கிறவள் சிரிக்கிறாள்.

"வெள்ளிமலை பஸ்ஸுக்கா நிக்கிறீங்க ஆயா? அது இப்பத்தான் போச்சு. தூங்கிக்கினு இருந்தீங்க, எழுப்பல."

"தூங்கல, ஜெபம் பண்ணேன்."

"இன்னா கேட்டீங்க?"

"பஸ் வரணும்னு."

"அதான் வந்துச்சே!"

எனக்கு வருகிற எரிச்சலில் ஆண்டவரோடு பேசவே பிடிக்கவில்லை. அனுப்பினவர் என் தோளைத் தட்டியிருக்கக் கூடாதா? அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரமாம். அங்கே மகள் துடிக்கிறாள். ஜெபிக்காமலும் இருக்க முடியவில்லை.

வேறு வழியில்லாமல் அவளைக் கேட்கிறேன். "எம்மா, பஸ் வந்தா தொட்டுச் சொல்றியா?"

அவள் கூடையை என் பக்கம் நகர்த்துகிறாள். "நீங்க சாமிகிட்ட பேசுங்க ஆயா. ரோட்ட நான் பாத்துக்கறேன்."

கண்ணை மூடுகிறேன். இந்தத் தடவை மாட்டை மட்டும் விட்டுவிடுகிறேன்.