மச்சானுக்கு மச்சான்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதித் தனியார் பஸ்களைக் கிளப்பிவிடும் மாரீஸ்வரன், என் சித்தப்பா மகன் ஆண்டிச்சாமியின் மூத்த பிள்ளை. எனக்கு மகன் முறை. ஆண்டிச்சாமி பரளச்சிப் பக்கம் கரிமூட்டம் போட்டவன். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்துவிட்டால், புகை அடங்கும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். அந்த இருப்பு மகனுக்கும் வந்தது. மகன் உட்கார்ந்தது மட்டும் வேறு இடம்.

டீக்கடைப் பேப்பரில் வரும் சுடோகுவில்தான் தொடங்கினான். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். குறுக்கு வரிசையிலோ நெடுக்கு வரிசையிலோ உள்பெட்டியிலோ வந்த எண் திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான். சீக்கிரமே அது அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விதியைக் கூட்டிக் கடினமாக்கிய கட்டங்களைப் போனில் தேடிப் பிடித்துப் போட்டான். பிறகு தானே உண்டாக்க ஆரம்பித்தான். கண்மாய் என்று ஒன்று போட்டான். அதில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்குத்தான் தண்ணீர் ஓடும். மடை அடைத்த இடத்தில் இரண்டு எண்ணுக்கும் ஒன்றுதான் வித்தியாசம் இருக்க வேண்டும். அதைப் போட்டுப் பார்த்து மதுரைக்காரர்கள் திணறிப்போனார்களாம்.

அவன் பெண்சாதி பாண்டீஸ்வரி மட்டும் அசையவில்லை. "ஒம்போது எண்ணையும் அதது எடத்துல உக்கார வைக்கத் தெரியுது. ரேசன் கடை வரிசையில போயி நிக்கத் தெரியலையே இவுகளுக்கு" என்பாள்.

"ரேசன் கடையில விதியே இல்லடி. அத எப்பிடிப் போடுறது?" என்பான் அவன்.

ஊரில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. ஞாயிறு மத்தியானம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் உதயகுமார்தான் கூட்டி வைப்பவர். போன வருஷம் மதுரையில் பெரிய போட்டி நடக்கவிருந்தது. அதன் கடைசிக் கட்டத்தை அருப்புக்கோட்டைக்காரர் யாராவது போட்டுத் தரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசிக் கட்டம் என்றால் இருப்பதிலேயே கஷ்டமானது. போட்டவர் பெயர் மேலே அச்சாகும். அந்தப் பெயர் தன் பெயராக இருக்க வேண்டும் என்பது மாரீஸ்வரனுக்குச் சோறு இறங்காத ஆசை. சொந்தக்காரர் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டான்.

அவன் கண்டுபிடித்த விதி இது. எண்களுக்குள் இரண்டே முறைதான்: பங்காளி, மச்சான். இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோடு இருந்தால் அந்த எண்கள் மச்சான். புள்ளி இருந்தால் பங்காளி. மற்ற எண்கள் ஒன்றுக்கொன்று என்ன முறை என்பதை விடை போடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அவனோடு பஸ் ஏறலாம் என்று மாடியில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் குனிந்து அவனுடைய கட்டத்துக்கு விடை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் பென்சிலைக் கீழே வைத்தவள் கோகிலாம்பாள். மெடிக்கல் கடையில் வேலை செய்யும் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் தாளை உதயகுமார் வாங்கி, மாரீஸ்வரன் கொடுத்த விடையோடு வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"மாரீஸ்வரா, இதுவும் சரியா வருதேப்பா. ரெண்டு விடை இருக்கு."

ஒரு கட்டத்துக்கு இரண்டு விடை வந்தால் அது கட்டமே இல்லை என்பது அவர்கள் கணக்கு. மற்றவர்களும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"வராது. எங்கயோ தப்பாப் போட்டிருக்கு அந்தப் பிள்ளை" என்றான் மாரீஸ்வரன்.

கோகிலாம்பாள் எழுந்து வந்து தாளில் விரல் வைத்துக் காட்டினாள். "ஒண்ணுக்கு நாலு மச்சான். நாலுக்கு ஏழு மச்சான். சரியா? ஒண்ணுக்கும் ஏழுக்கும் என்ன முறைன்னு நீங்க எங்கயும் எழுதல. நான் அதையும் மச்சான்னு வச்சேன். முடிஞ்சிருச்சு."

அவன் சிரித்தான். என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, மச்சானுக்கு மச்சான் நமக்கு யாரு?" என்றான்.

"அண்ணன் தம்பிதான். பங்காளி" என்றேன் நான். கேட்டதற்குச் சொன்னேன், எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை.

"கேட்டீகளா? கண்ணு மங்குன மனுசன் சொல்றாரு. இத ஒருத்தன் எழுதி வேற வைக்கணுமாக்கும்?"

"எழுதுனாத்தான விதி" என்றாள் அவள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கட்டம் உடைந்த ஆத்திரம் அவனுக்கு. "முறை தெரிஞ்ச வீட்ல பெறந்திருந்தா இது தானாத் தெரியும்" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நல்ல பிறப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அது.

அவள் சத்தம் போடவில்லை. "எந்த வீட்ல பெறந்தேன்னு எனக்கே தெரியாது. நான் விடுதியில வளந்தவ. இந்தப் பேரே விடுதி ஆரம்பிச்ச அம்மாவோட பேரு. எனக்கு மச்சானும் இல்ல, பங்காளியும் இல்ல. தாள்ல எழுதியிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

மாரீஸ்வரன் கையில் இருந்த தாளை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். உதயகுமார்தான் பேசினார். "ஒரு வரி சேத்தாப் போதும். கட்டத்த எல்லாரும் பாத்துட்டோம், அதே விதியில புதுசா ஒண்ணு போட்டுக் குடு. மதுரைக்கு அனுப்பிருவோம்." அவன் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் பரளச்சி வரும்வரை அவன் என்னைப் பார்க்கவே இல்லை. இறங்கும்போது, "பெரியப்பா, எங்கய்யா காதுக்கு இது போக வேணாம்" என்றான்.

மறுநாளிலிருந்து மெடிக்கல் கடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கத்தான். ஆள் கூட்டம் விலகும்வரை பின்னால் நிற்பான். முறை வந்ததும் வாயில் வருவது, "தலவலி மாத்திரை ஒரு அட்டை." வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். வீட்டில் பாண்டீஸ்வரி அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்குய்யா இம்புட்டுத் தலவலி? கலியாண வீட்டுக்கு வாங்குன மாதிரி வாங்கி வச்சிருக்கீக" என்று பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளிடம் சொன்னான்.

கடைசியில் கோகிலாம்பாளே கேட்டுவிட்டாளாம். "உங்களுக்குத் தலவலி இல்லன்னு எனக்குத் தெரியும். சொல்ல வந்ததச் சொல்லுங்க."

"தப்பாப் பேசிட்டேன்மா."

"அத ஆளுக முன்னாடிதான பேசுனீக? இங்க மாத்திரை வாங்க வந்தாப்ல வந்து எனக்கு மட்டும் சொன்னா எப்பிடி?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவன் மாடிக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. போக நினைத்து, டியூஷன் சென்டர் வாசல்வரை போய், மேலே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான். புதுக் கட்டத்தை மட்டும் உதயகுமாருக்குப் போனில் அனுப்பிவைத்தான். அப்படியே மதுரைப் போட்டி வந்துவிட்டது. பாண்டீஸ்வரி கூடப் போயிருந்தாள். மிச்சத்தை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரிய மண்டபம். கட்டம் போட்டவரே மைக்கில் விதியை வாசிக்க வேண்டும். மாரீஸ்வரன் வாசித்தான். புதிதாகச் சேர்த்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான். "மச்சானுக்கு மச்சான் பங்காளி. இந்த வரிய நான் எழுதாம விட்டேன். ஏன் எழுதலன்னு கேட்ட பிள்ளைய, பெறந்த வீட்டச் சொல்லி ஏசிட்டேன். தப்பு கட்டத்துலயும் என்னுது, வாயிலயும் என்னுது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. அவள் சொல்லச் சொன்னது மாடியில் இருந்த அந்தப் பத்துப் பேர் முன்னால். இங்கே மண்டபம் நிறைய ஆள். யாரைச் சொல்கிறான் என்று ஒவ்வொருவரும் திரும்பித் தேட ஆரம்பித்தார்கள். போட்டி போட வந்த அருப்புக்கோட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கம் கண்கள் போயின. அதில் பெண் கோகிலாம்பாள் ஒருத்திதான். மைக்கைப் பிடித்தபடி அவன் தலை குனிந்து நின்றான்.

அவள் எழுந்தாள். "விதியில ஒரு சந்தேகம்" என்றாள்.

"கேளுங்கம்மா."

"பங்காளிக்கு மச்சான் யாரு?"

"மச்சான்தாம்மா."

"அத எழுதலையே."

மாரீஸ்வரன் தாளைப் பார்த்தான். எழுதவில்லை. இந்த முறையும் அது அவனுக்கு எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவே இல்லை. மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்த கண்ணெல்லாம் அவளை விட்டு அவன் மேல் வந்தது. காது மடல் வரை சிவந்துபோய் நின்றார் என்று பாண்டீஸ்வரி சொன்னாள்.

"எல்லாரும் எழுதிக்கிறட்டும், மெதுவாச் சொல்லுங்க" என்றாள் கோகிலாம்பாள்.

சொன்னான். அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அவளும் எழுதிக்கொண்டாள்.