நண்டின் மேல் போட்ட பழி

எழுபதுகளின் பிற்பாதி. கல்லூரியில் விலங்கியல் வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் ஒரு செல்லை வரைந்து, அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொக்கிகள் போட்டார். ரிசப்டர் என்றார், புரதம்தானாம், புத்தகத்தில் இன்னும் ஏறவில்லையாம். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஒருமுறை உள்ளே போனால் உடம்பு அதற்கென்று எதிர்ப்பொருள் செய்யும், அது இந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி அதே சீரம் வந்தால் செல் தன்னிடமுள்ளதையெல்லாம் கொட்டிவிடும், தொண்டை அடைத்து ஆளே போய்விடலாம் என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன். அண்ணன் செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

அண்ணன் சங்கு குளிக்கிறவன். சாவதற்கு முந்தின வருஷம் கடலடிப் பாறையில் கால் கிழிந்து ரணஜன்னி வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டான். குதிரைச் சீரம்தான் அது. ஒரு வாரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு. அன்று மத்தியானம் நண்டு தின்றிருந்ததால் பழியை நண்டின் மேல் போட்டோம். வெளியேயும் சொல்லவில்லை. தோல்வியாதி என்று பேர் விழுந்தால் தோணியில் ஏற்றமாட்டார்கள். பத்துப் பேர் ஒரே பானைத் தண்ணீர் குடிக்கிற இடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

மறுவருஷமும் கால் கிழிந்தது. தங்கச்சி நான்தான் கூடப் போனேன். கம்பவுண்டர், முன்னே ஊசி போட்டபோது தடிப்பு ஏதும் வந்ததா என்று கேட்டார். வெளியே அண்ணனின் தோணிக்காரர்கள் நின்றார்கள். பாவி நான், இல்லை என்றேன்.

“படிக்கிற பிள்ள, நீ சொன்னா சரியாத்தாம்ளா இருக்கும்” என்றார். தோலுக்கடியில் ஒரு சொட்டுப் போட்டு, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிற வழக்கத்தை அன்று விட்டுவிட்டார். ஊசியை எடுத்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். உதடு வீங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான், சத்தம் வரவில்லை.

கம்பவுண்டர் கொன்றுவிட்டார் என்று தெருவே பேசியது. அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வருகிறோம், மாதா கோயில் வாசலில் அவர் நிற்கிறார். சவரம் செய்யாத முகம். நேராக என்னிடம் வந்தார்.

“ஏளா, தடிப்பு வந்துச்சான்னு கேட்டேம்லா. இல்லன்னு நீதான சொன்ன?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல, அண்ணாச்சி” என்றேன்.

உன் குடி விளங்காது என்று அம்மா அவர் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். குனிந்து மண் அள்ளும்போது அவள் தள்ளாடினாள். விழுந்துவிடாமல் நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.