ஒட்டிய உறைக்குள் ஒரு குதிரை

நாற்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு காலை வேளையில், என்னை நம்பிக் கொடுத்த ஓர் உறையை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே எழுதியிருந்ததைப் படித்தேன். அதனால் ஒரு சதுரங்க ஆட்டத்தை ஜெயித்தேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது ஆடும் பிள்ளைகளுக்கு அந்த உறை என்னவென்றே தெரியாது. அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரத்தில் முடியாத ஆட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைப்பார்கள். யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் செய்யாமல் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மறுநாள் நடுவர் பிரிக்கும்வரை எதிராளிக்கு அது தெரியக் கூடாது.

மயிலாப்பூரில் ஒரு வாசகசாலைக் கூடத்தில் நடந்த போட்டியின் அரையிறுதி அது. ஜெயிப்பவர் மாநில அணிக்குப் போவார். என் எதிரில் இருந்தவர் கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தார். பூங்கா பெஞ்சில் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்தே ஆட்டம் கற்றவர். மாநில அணியில் சேர்ந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று அவர் வீடே காத்திருந்தது. எனக்குக் கல்லூரியில் வேலை ஏற்கெனவே இருந்தது.

கூடத்து பீரோவுக்குப் பூட்டு இல்லை. செங்கல்பட்டுக்கு ரயில் பிடிக்க வேண்டிய நடுவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். நகர்த்தலை எழுதி ஒட்டிய என் எதிராளியேதான் சொன்னார்:

"சாராண்டயே இர்க்கட்டும் சார். வாத்தியாரு. ஊடு வேற பக்கத்துத் தெரு. இன்னா ஆயிடப் போவுது?"

மெல்லிய வெள்ளை உறை. மறுநாள் காலை வெயிலில் உள்ளே இருந்த எழுத்து தெளிவாகவே தெரிந்தது. எல்லோரும் யானையைத்தான் நகர்த்துவார் என்று நினைத்திருந்தோம். அவர் குதிரையைப் பலி கொடுத்திருந்தார். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு மாலைவரை உட்கார்ந்து, அதற்கு இருந்த ஒரே பதிலைக் கண்டுபிடித்தேன். நடுவர் உறையைப் பிரித்தபோது திடுக்கிட்டவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் யோசிப்பதாக நடித்தேன். உறையைப் பார்த்ததைவிட அந்த இருபது நிமிடம் கேவலமானது. தோற்ற பிறகு அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எப்டி சார் கண்டுபுட்ச அத? ஒரு வாரம் யோசிச்சாலும் எனக்கு வராது."

மாநில அணிக்குப் போய் எல்லா ஆட்டமும் தோற்றேன். அதோடு விட்டுவிட்டேன். அவர் முப்பது வருடம் அதே லிஃப்டை இயக்கினார். தீபாவளிக்குத் துணி எடுக்க வீட்டார் அந்தக் கடைக்குத்தான் போவார்கள். அவர்கள் லிஃப்டில் ஏறுவார்கள். நான் மாடிப்படியில் ஏறுவேன்.

இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. ஆழ்வார்பேட்டை வீட்டில் மகளின் மடிக்கணினியில் உலகக் கோப்பைச் சதுரங்கம் பார்ப்பதுதான் வேலை. ஒரு சுற்றில் தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய போட்டி. இரண்டு ஆட்டங்களில் முடிவு தெரியாவிட்டால் டைபிரேக் என்று நேரத்தைக் குறைத்துக் குறைத்து ஆட வைப்பார்கள். எங்கள் காலத்தில் வெளிநாட்டு வீரர் ஒருவரோடு டிரா செய்தால் பத்து நாள் பேசுவோம். இன்று நம் பிள்ளைகள் மீசைகூட முளைக்காத முகத்தோடு போய் உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் காணும் நகர்த்தல்கள் எனக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் புரிகின்றன. சில புரிவதே இல்லை. புரியாமலே கைகூப்பியிருக்கிறேன்.

இந்த முறை ஒரு பையன் கடைசி ஆட்டத்தில் இருந்தான். கடிகாரத்தில் ஆறு விநாடி மிச்சம். அவசரத்தில் அவன் கை பட்டு எதிராளியின் சிப்பாய் ஒன்று சாய்ந்தது. யார் தட்டிவிட்டாரோ அவர் தன் நேரத்தில்தான் அதை நிமிர்த்த வேண்டும். அவசரத்தில் பலரும் கடிகாரத்தை அழுத்திவிட்டுப் பிறகு நிமிர்த்துவார்கள். நடுவர் வேறு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கடிகாரத்தைத் தொடவில்லை. சிப்பாயை எடுத்து, கட்டத்தின் நடுவில் சரியாக வைத்தான். மூன்று விநாடி போயிற்று. மிச்ச நேரம் போதாமல் அவன் தோற்றான். கை கொடுத்துவிட்டு, காய்களை அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. மறுநாள் காலை கொட்டிவாக்கம் போனேன். குப்பத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரும் போனில் அதே போட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, சாரு. பட்ச்சவங்கோ நம்ம ஊட்டாண்டயா? நேத்து அந்தப் பையன் ஆட்டம் பாத்தியா?"

"பார்த்தேன். அதனாலதான் வந்தேன்" என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போனை அணைத்துவிட்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் மடக்குப் பலகை ஒன்றை எடுத்துவந்து, இடையில் நிறுத்தாமல் காய்களை அடுக்கினார். நாற்பத்தோரு வருடத்துக்கு முந்தைய அதே நிலை. ஒரு சிப்பாய்கூட இடம் மாறவில்லை. கடைசியாகக் குதிரையை எடுத்து, அன்று உறையில் எழுதிய கட்டத்தில் வைத்தார்.

"ஒக்காரு. நீ பாக்கல. இப்பதான் கவரப் பிரிச்சாங்கோ. ஆடு."

உட்கார்ந்தேன். வேறு பதில் தேடினேன். எந்தக் காயைப் பார்த்தாலும் அன்று கண்டுபிடித்த பதில்தான் முன்னால் வந்து நின்றது.

"முடியலை" என்றேன். "பார்த்ததைப் பார்க்காம இருக்க முடியலை."

"அப்ப?"

தோல்வியை ஒப்புக்கொண்டு என் ராஜாவைச் சாய்த்தேன். கை நீட்டினேன். அவர் உடனே பிடிக்கவில்லை.

"எங்கம்மா சாவுறவரைக்கும் கேட்டுகினே இருந்துச்சு, நீ எங்கடா தப்பு பண்ணேன்னு. குதிரய வெச்சது தப்புன்னு சொன்னேன். குதிர சரிதான் சாரு."

"சரிதான்" என்றேன்.

பிறகுதான் கையைப் பிடித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து மதியம் போன் வந்தது. "சாரு, நம்ம ஆளு ஒருத்தன் டைபிரேக் ஆடிக்கினு கீறான். போட்டுப் பாரு."

இப்போது நம் பிள்ளைகள் ஆடும்போதெல்லாம் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். அடுத்த நகர்த்தல் என்னவாக இருக்கும் என்று இருவருமே ஊகிப்போம். ஆனால் தன் ஊகத்தை அவர் முதலில் சொல்வதே இல்லை.

"நீ மொதல்ல சொல்லு சாரு" என்பார்.

நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.