பாலம் நடந்து மணி அடிப்பவர்

பெரியநாயகசாமி வடிகால் தரைப்பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறார். வேட்டி தொடைவரை ஏறியிருக்கிறது, தலையில் மழைக்கு உரச்சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. அக்கரைவரை போய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருகிறார். அதன் பிறகுதான் எங்கள் மாதா கோயிலில் முதல் மணி அடிக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கூத்துதான்.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊர். அவர் கோயில் உபதேசியார். சாமியார் வராத நாளில் செபம் சொல்வார், சாவு ஊர்வலத்தில் சிலுவை பிடிப்பார், மீதி நேரத்தில் குத்தகை நிலத்தில் சம்பா போடுவார். பாட்டில் சுருதி சேராது, குரலை மட்டும் குறைக்கமாட்டார். எதிர்வீட்டுக்காரனான நான் சிவன் கோயிலுக்குப் போகிறவன் என்றாலும் அவர் புண்ணியத்தில் மாதா பாட்டெல்லாம் எனக்குத் தப்புத் தப்பாக மனப்பாடம். மழையை மாப்பிள்ளை என்பார். "மாப்பிள்ள வந்துட்டாருங்க. இனி விருந்து முடியாம கெளம்பமாட்டாரு."

கோயில்காரர்களில் பாதிப்பேர் வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். உபதேசியார் நடந்து பார்த்துவிட்டுத்தான் மணி அடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் மணி கேட்டதும் தண்ணீரைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள். முழங்காலுக்கு மேல் போனால் அவர் அடிக்கமாட்டார், அவர்களும் வீட்டிலேயே செபமாலை சொல்லிக்கொள்வார்கள்.

போன கார்த்திகையில் புயல் சின்னம் என்று மூன்று நாளாக ஊற்றியது. மின்சாரம் இல்லை, செல்போன் டவரும் செத்துவிட்டது. ஞாயிறு காலை அவர் பாலத்தில் பாதிகூடப் போகவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்து ஆளைத் தள்ளியது. திரும்பி வந்தால், புதிதாக வந்திருந்த இளம் சாமியார் பூசைக்குத் தயாராக நிற்கிறார். அன்று அக்கரை ஜெனிட்டாவின் கணவனுக்கு முதல் வருட நினைவுப் பூசை. பாவம், அவள் கேட்டு வைத்த பூசை, அதை நிறுத்த சாமியாருக்கு மனம் வரவில்லை. மழைக்குப் பள்ளிக்கூடத்தை மூடலாம், கோயிலை மூடலாமா என்று கேட்டார்.

"பூச வைங்க சாமி, வேணாங்கல. மணி மட்டும் வேணாம்."

"மணி அடிக்காம எப்படி உபதேசியார்? முடிஞ்சவங்க வரட்டும், முடியாதவங்க வீட்டுல இருக்கட்டும்."

"மணி கேட்டா முடியும்னுதாங்க வருவாங்க."

சாமியாருக்கு இது கிழவனின் பிடிவாதமாகத் தெரிந்திருக்கவேண்டும். கயிற்றைத் தாமே பிடித்து இழுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஊருக்குப் புதிது, அவ்வளவுதான். ஆனால் அடித்த மணியைத் திரும்ப வாங்க முடியுமா?

பெரியநாயகசாமி ஓடினார். நான் குடையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். அக்கரையில் ஏற்கெனவே குடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முன்னால் ஜெனிட்டா, இடுப்பில் பிள்ளை, கையில் மெழுகுவத்திப் பொட்டலம். இவர் கையை ஆட்டினார், வராதே என்று கத்தினார். மழை இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கூப்பிடுகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, ஜெனிட்டா நடையை எட்டிப் போட்டாள்.

அவர் தண்ணீரில் இறங்கினார். வேண்டாம் என்று நான் சட்டையைப் பிடித்தேன், உதறிவிட்டார். பாலத்தின் ஓரக்கற்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு, அக்கரைக்கு முகம் தெரிகிற தூரம்வரை போனார். அங்கேயும் தண்ணீர் இடுப்பளவுதான். அக்கரைக்காரர்களுக்கு இடுப்புத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை, அதன் இழுப்பு அங்கிருந்து தெரியாது. ஜெனிட்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள்.

பெரியநாயகசாமி கல்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். முழங்காலை மடக்கி, அந்த இழுப்பில் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் மார்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, தாடைக்கு வந்தது. அக்கரையிலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஜெனிட்டா வைத்த காலை எடுத்தாள். கடைசிக் குடையும் திரும்பி மறையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.