முகாமுக்கு வந்த விஞ்ஞானி

என் மாமா சிட்னியில் வேலை பார்க்கிறார் என்று சொல்ல அம்மா என்னைப் பழக்கிவைத்திருந்தார். அது அரைகுறைப் பொய் அல்ல. ஹோம்புஷில் ஒரு பிளாட், அதில் மாமாவோடு இருக்கும் பொடியன்கள், அவர்களில் ஒருவன் சமையல் பக்கமே எட்டிப்பார்க்கமாட்டான் என்ற குறை வரைக்கும் அம்மா யோசித்து வைத்திருந்தார். கேரம் டவுன்ஸ் கோயிலில் யாராவது அன்ரி, "தம்பி எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டால் அம்மா அந்தச் சமைக்காத பொடியனைப் பற்றிச் சொல்லி அலுத்துக்கொள்வார். கேட்டவருக்கும் அவன்மேல் கோபம் வந்துவிடும்.

உண்மையில் மாமா நாங்கள் வாழ்ந்த மெல்பேர்னில்தான் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் விட்டுவிட்டு, வேறு யாருடையதோ பாஸ்போர்ட்டில் விமானம் ஏறி வந்துவிட்டார். விமான நிலையத்திலேயே தான் அகதி என்று சொன்னார். அங்கிருந்து நேரே நகரின் மேற்குப் பக்கம் இருந்த தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா பல வருடங்களுக்கு முன் மாணவராக வந்து, படித்து, குடியுரிமை எடுத்தவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் வாசல் வழியாகவும் மற்றவர் வேலி வழியாகவும் வந்ததாக ஆகிவிட்டது. அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவைப் பார்க்கப் போவோம். முதல் மாதங்களில் அவர் என்னோடு கரம் பலகையில் காய் அடித்து விளையாடுவார், வேண்டுமென்றே தோற்பார். அவருடைய மனு நிராகரிக்கப்பட்ட பிறகு விளையாட்டு நின்றது. பிறகு பேச்சு நின்றது. கடைசியில் எங்களைப் பார்க்க அறையை விட்டு வருவதையும் நிறுத்திக்கொண்டார். அம்மா உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்டுக் கொண்டுபோகும் ரோல்ஸ் அப்படியே திரும்பி வரும். காரில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் நாங்கள் கோல்ஃபீல்டில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். யூதர்கள் நிறைய வாழும் பகுதி. சனிக்கிழமைகளில் கறுப்புத் தொப்பி போட்ட அப்பாமார் பிள்ளைகுட்டிகளோடு தொழுகைக்கு நடந்து போவார்கள். எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த கிழவரும் யூதர்தான். ஆனால் அவர் எங்கேயும் போகமாட்டார். பல்கனியில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார். எண்பது வயது தாண்டியவர், மனைவி இறந்துவிட்டார், தனியாள். நாங்கள் அவரை மேல்வீட்டு அங்கிள் என்போம். இங்கிலாந்தில் பெரிய விஞ்ஞானியாக இருந்துவிட்டு, வயதான பிறகு மகளோடு இருக்க மெல்பேர்னுக்கு வந்தவர் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த மகள் கொஞ்சக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாரம் வந்தது. யாருக்காவது ஒரு விஞ்ஞானியைத் தெரியுமா, வகுப்புக்குக் கூட்டிவர முடியுமா என்று ரீச்சர் கேட்டார். ஒருத்தி தன் அப்பா பல் வைத்தியர் என்றாள். பல் வைத்தியர் விஞ்ஞானியா இல்லையா என்று வகுப்பில் பெரிய தகராறு. நான் கையை உயர்த்தி, எங்கள் மேல்வீட்டிலேயே ஒரு விஞ்ஞானி இருக்கிறார் என்றேன். அன்று எனக்குக் கிடைத்த மரியாதை பிறகு பல வருடங்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கிள் கோட்டுப் போட்டு, டை கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். யன்னல் திரைகளை இழுத்து மூடச் சொன்னார். பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து விரித்துப் பிடித்து, அதன் வழியாகச் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினார். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி விழும் என்று பார்த்தோம். சிலுவை மாதிரி வரிசை வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன.

"துணியின் நூல் உங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனால் சுவரில் இருக்கும் புள்ளிகளை அளந்தால், நூல்கள் எப்படி நிற்கின்றன என்று சொல்லிவிடலாம்" என்றார். "நாங்கள் துணிக்குப் பதிலாக, உப்புக்கல் மாதிரி ஒரு பளிங்கை வைத்தோம். லேசருக்குப் பதிலாக எக்ஸ்ரே. மருந்துக்குள் அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம்."

நாங்கள் என்றால் யார் என்று ஒரு பையன் கேட்டான். அங்கிள் சிரித்தார். இங்கிலாந்தில் தான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பாதிப் பேர் தன்னைப் போலவே வேற்று உச்சரிப்பில்தான் ஆங்கிலம் பேசினார்கள் என்றார். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்கள் என்பதற்காகப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள், ஒரு பெட்டியோடு இங்கிலாந்துக்கு வந்தவர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பூஞ்சணத்திலிருந்து கிருமிகளைக் கொல்லும் மருந்தைப் பிரித்தெடுக்க உதவினார். "உங்களில் யாருக்காவது காது வலி வந்து டொக்டர் மருந்து தந்திருக்கிறாரா?" என்று கேட்டார். எல்லோரும் கை உயர்த்தினோம். இன்னொருவர் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் வடிவத்தைக் கண்டுபிடிக்க இருபது வருடங்களுக்கு மேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வகுப்பில் சிலர் தங்கள் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கள் ஏன் ஆஸ்திரேலியாவுக்கு வந்தீர்கள்?" என்று பல் வைத்தியரின் மகள் கேட்டாள்.

"முதல் தடவையா, இரண்டாம் தடவையா?" என்றார் அங்கிள். "முதல் தடவை என்னைக் கைதியாகக் கொண்டுவந்தார்கள்."

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் சாவகாசமாகச் சொன்னார். வியன்னாவிலிருந்து தனியே இங்கிலாந்துக்குத் தப்பி வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். இரண்டாம் உலகச் சண்டை தொடங்கியதும், ஜெர்மன் பேசுகிறவர்களுக்குள் ஒற்றர்கள் இருப்பார்கள் என்று இங்கிலாந்துக்காரருக்குப் பயம் வந்துவிட்டது. ஜெர்மன்காரருக்குப் பயந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்து அடைத்தார்கள். இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரையும் விடவில்லை, கனடாவுக்கு அனுப்பினார்கள். இவரைக் கப்பலில் ஏற்றி, நியூ சவுத் வேல்ஸில் புழுதி பறக்கும் ஒரு சமவெளியில், முட்கம்பிக்குள் விட்டார்கள். உள்ளே கைதிகளில் பேராசிரியர்கள் இருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் அவர்கள் வகுப்பு நடத்தினார்கள். பளிங்கு என்றால் என்ன என்பதை ஒருவர் குச்சியால் மண்ணில் கீறிக் காட்ட, அங்கேதான் இவர் தெரிந்துகொண்டாராம். பிறகு இங்கிலாந்துக்காரர் தங்கள் தவறை உணர்ந்து அவரைத் திருப்பி எடுத்தார்கள். திரும்பிப் போய் ஆய்வுக்கூடத்தில் போத்தல் கழுவும் வேலையில் சேர்ந்தார். "அதற்குப் பிறகுதான் கைக்குட்டை" என்று முடித்தார்.

விஞ்ஞானி ஆகும் வழி இதுதான் என்று எனக்குப் பட்டுவிட்டது. கையை உயர்த்தி, உரத்த குரலில், "என் மாமாவும் கேம்பில்தான் இருக்கிறார். அவரும் விஞ்ஞானி ஆவாரா?" என்று கேட்டேன்.

அங்கிள் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "எந்தக் கேம்ப்?" என்றார். சொன்னேன். "அங்கே அவர் என்ன படிக்கிறார்?" என்றார். "கரம் விளையாடினார். இப்போது அதுவும் இல்லை" என்றேன்.

எங்கள் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பையன் இருந்தான். அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் கோயிலில் சேர்ந்து மாலை கட்டுகிறவர்கள். வெள்ளிக்கிழமைப் பூசை முடிவதற்குள் அம்மா கட்டிவைத்திருந்த ஹோம்புஷ் பிளாட் தரைமட்டமாகிவிட்டது. அன்று எந்த அன்ரியும் மாமாவைப் பற்றி விசாரிக்கவில்லை. விசாரிக்காததுதான் அம்மாவை அடித்துப்போட்டது.

அம்மா என்னை ஏசவில்லை. கோபமெல்லாம் மேல்வீட்டுக்குப் போனது. "உவருக்கு வேற கதை கிடைக்கேல்லையே? சின்னப் பிள்ளையளுக்கு மறியலுக்குள்ள கிடந்த கதை சொல்ல வந்திட்டார்!" என்று குசினி அடுப்பருகே நின்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"அவர் தன்ர கதையைச் சொன்னவர். எங்கட கதையைச் சொன்னது எங்கட பிள்ளை" என்றார் அப்பா.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார் அம்மா.

மறுநாள் மாலை அங்கிள் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. அங்கிள் உட்காரவும் இல்லை. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நாளைக்கு நானும் வருகிறேன், அந்த இளைஞனைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பா மாமாவின் பௌதிகப் படிப்பைப் பற்றியும், இப்போது யாரையும் பார்க்க வராமல் இருப்பதைப் பற்றியும் சொன்னார். அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "என்னைப் பார்க்க வருவான்" என்றார்.

அவர் போனதும் அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. பெரிய வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் நேரில் வந்து விசாரித்தால் முகாமில் இருக்கிற அதிகாரிகள் யோசிக்கமாட்டார்களா? அப்பா அப்படியெல்லாம் நடக்காது என்றார். அம்மா காதில் விழுத்தாமல் அப்பாவின் சேர்ட்டை ஸ்திரி போட்டார். ரோல்ஸ் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டார்.

முகாமின் வாசலில் நடப்பவை எனக்கு மனப்பாடம். பெயர் பதிய வேண்டும், சாவிகளையும் தொலைபேசியையும் பெட்டிக்குள் வைக்க வேண்டும், பிறகு மணிக்கட்டில், நாலு மணி வரை உள்ளே இருக்கலாம் என்பதற்கு, ஒரு காகித நாடா ஒட்டுவார்கள். மெல்பேர்ன் ஷோ கண்காட்சிக்குப் போனாலும் அப்படித்தான் ஒட்டுவார்கள் என்பதால் எனக்கு அது பிடிக்கும். அப்பா, அம்மா, நான் ஒட்டிக்கொண்டோம். காவலர் இளைஞர், மிக மரியாதையாகவே, "சேர், கையை நீட்டுங்கள்" என்றார்.

அங்கிள் கையை நீட்டினார். காவலருக்குப் பின்னால் இருந்த கதவு யாருக்காகவோ திறந்து, தானாக மூடிக்கொண்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. அங்கிள் கையை இழுத்துக்கொண்டார்.

"கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் போங்கள்" என்றார்.

"கண்ணாடி உங்கட மூக்கிலதான் இருக்கு!" என்றேன் நான். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தபோது அப்பா என் தோளை அழுத்தினார்.

அம்மாதான் முதலில் அசைந்தார். தம்பியைப் பார்க்க ஒரு ஞாயிறும் தவறாதவர், மணிக்கட்டில் ஒட்டிய நாடாவைக் கிழித்தார். "நீங்க பிள்ளையோட போங்கோ. நான் இவரோட நிக்கிறன்" என்றார். கிழவரின் முழங்கையைப் பிடித்துக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

உள்ளே அப்பா, ஒரு பௌதிக விஞ்ஞானி பார்க்க வந்திருக்கிறார் என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா வந்தார். அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் வெட்டுப்பட்டிருந்தது. மெலிந்திருந்தார்.

"எங்க அவர்?"

"வெளியில நிக்கிறார். உள்ளுக்கு வர ஏலாமல் போட்டுது" என்றார் அப்பா. பிறகு கப்பல், சமவெளி, முட்கம்பி எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து, பார்வையாளர் முற்றத்தின் ஓரத்துக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்களும் பின்னால் போனோம். அந்த வேலிக்கு அப்பால் ஒரு நடைபாதை, அதற்கு அப்பால் இன்னொரு வேலி, அதற்கும் அப்பால் கார்கள்.

அங்கே நின்ற அம்மா முதலில் எங்களைக் கண்டுவிட்டார். கிழவருக்குக் கையைக் காட்டினார். அவர் காரிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றினார்.

"சேர்! உங்கள் துறை என்ன?" என்று மாமா ஆங்கிலத்தில் கத்தினார். எத்தனையோ ஞாயிறுகளுக்குப் பிறகு அவர் உரக்கப் பேசக் கேட்டேன்.

கிழவர் கையை வாயருகே குவித்தார். "பளிங்குகள்! உன்னுடையது?"

"பௌதிகம்! இரண்டாம் வருடம்!"

"அப்படியென்றால் மிச்சத்தையும் முடி!" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

மாமா சிரித்தார். வேலியருகே சத்தம் போடக்கூடாது என்று ஒரு காவலர் வந்து சொன்னார். மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, ரோல்ஸ் எங்கே என்று கேட்டார்.

மாமா மிச்சத்தை முடிக்கவில்லை. மறு வருடம் வக்கீல் ஒருவரின் முயற்சியால் விசா கிடைத்தது. இப்போது டார்னெய்டில் வீடு வாங்கி, கூரைகளில் சோலார் தகடு பொருத்தும் தொழில் செய்கிறார். ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்களைப் பார்க்க வராமல் அவர் இருந்ததில்லை. அங்கிளும் இன்னும் சில ஞாயிறுகள் எங்களோடு வந்து, காருக்குப் பக்கத்தில் நின்று தொப்பியை உயர்த்திவிட்டுத் திரும்பினார். நான் உயர்தர வகுப்பில் இருந்தபோது அவர் காலமானார். ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். பிரித்தானிய விஞ்ஞானத்துக்கு அவர் ஆற்றிய பணி, பெற்ற கௌரவங்கள், பளிங்குகள் எல்லாம் இருந்தன. இளமையில் சிறிது காலம் ஆஸ்திரேலியாவில் வசித்தார் என்று ஒரு வரி. அப்பா அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, "சிட்னியில வேலை பார்த்தவர் எண்டு போடேல்லையே?" என்றார் அம்மா.

அந்த முதல் ஞாயிறு திரும்பி வரும்போது நானும் அங்கிளும் காரின் பின் இருக்கையில் இருந்தோம். அவர் தொப்பியை மடியில் வைத்து, விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டு, ஒரு கதவுக்குப் பயப்படுவதா?

ஆறுதல் சொல்ல நினைத்து, "நீங்கள் உள்ளே வந்திருக்கலாம். நாலு மணிக்கு எல்லோரையும் வெளியே விட்டுவிடுவார்கள்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லோரையுமா?"

"எல்லோரையும்" என்றேன்.