துடைத்ததும் மூடியதும்

என் நண்பன் செல்வராஜின் இடது முழங்கால் மடங்காமல் போனதற்குக் காரணம் நான். விபத்து என்று ஊர் சொல்கிறது. சனி பிடித்துவிட்டது என்று அவன் சொல்கிறான். இரண்டும் இல்லை… நான்தான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. நான் பல் வைத்தியன். ஆழ்வார்பேட்டையில் கிளினிக், மயிலாப்பூரில் வீடு. நாள் முழுவதும் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. என் வாய் மட்டும் இத்தனை வருடங்களாக இந்த ஒரு விஷயத்தில் திறக்கவே இல்லை.

செல்வராஜுக்குத் தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அவன் அப்பா வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் கார்ப் பைத்தியம். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகைகளை வாங்கி வந்து, ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். இத்தாலிக்காரன் செய்த வண்டியை என்றைக்காவது தொட்டுப் பார்ப்போம் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவன் கிளினிக்குக்குப் போன் செய்தான்.

“மச்சி, கையில கீற பல்லப் புடுங்கிப் போட்டுட்டு உடனே கிளம்பி வா. திருவான்மியூர்ல ரெண்டு இத்தாலி வண்டி கீது!”

கடலைப் பார்த்த ஒரு பங்களா. அதன் சொந்தக்காரர் ஒரு சினிமா ஃபைனான்சியர். படப்பிடிப்புக்காக எப்போதோ வரவழைத்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொல்லைப்பக்கக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். கதாநாயகர்கள் ஓட்டி அலுத்த வண்டிகள். இரண்டும் இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டிகள். ஸ்டியரிங் இடது பக்கம். எண்ணி இத்தனைதான் என்று செய்து, ஒவ்வொன்றின் முகப்புப் பலகையிலும் அதன் எண்ணைப் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு பதித்து விற்ற வகை. ஒன்று சிவப்பு. ஒன்று நீலம்.

“ரெண்டும் ஒரே விலைதான் தம்பி. நான் பையன்கூட இருக்க ஃபாரின் போறேன். ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்குங்க. எது யாருக்குன்னு உங்களுக்குள்ளயே பேசிக்குங்க, நான் நடுவுல வரல” என்றார்.

அன்று இரண்டையும் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நீலம் பார்ப்பதற்கு அழகு. புதிதாக வர்ணம் பூசியிருந்தது. சிவப்புக்கு நிறம் மங்கி, மூக்கில் ஒரு நசுங்கல். ஆனால் ஓட்டியபோது… எப்படிச் சொல்வேன்? நான் திரும்ப நினைத்தேன், அது திரும்பியது. இறங்கிய பிறகும் கதவிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை. திருமணமாகிப் பிள்ளை பெற்றவன், நாலு பேர் மதிக்கும் டாக்டர், ஒரு பொருளுக்காக அப்படி ஏங்க முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

செல்வராஜுக்கும் மனம் சிவப்பின் பக்கம்தான் சாய்ந்தது. அவன் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு சொல்கிறோம் என்று கிளம்பினோம். அந்த வாரம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை.

இங்கே செல்வராஜைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவனுக்கு எண் கணிதத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. பெயருக்கு ஆங்கிலத்தில் இன்னொரு ‘எல்’ சேர்த்துக்கொண்டவன். கூட்டினால் எட்டு வரும் எதையும் தொடமாட்டான். எட்டு சனியின் எண் என்பான். வங்கியில் டோக்கன் பதினேழு வந்தால் பின்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்வான். நான் அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவனும் சிரிப்பான், ஆனால் மாறமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முன்பக்க வராந்தாவில் ஃபைனான்சியரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நான் தனியாகக் கொட்டகைக்குப் போனேன். நீல வண்டியின் கதவைத் திறந்து, ஓட்டுபவர் இருக்கைக்கு அடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? பழக்கம்தான். மேலே பளபளவென்று இருக்கும் பல்லைக் கண்டால் என் கை அதன் ஓரத்தைக் குத்திப் பார்க்காமல் இருக்காது.

அடியிலிருந்த தரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம் போல நொறுங்கியது. உப்புக் காற்று அடியிலிருந்து அரித்துவிட்டிருந்தது. இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகள் அந்தத் தகட்டில்தான் நின்றுகொண்டிருந்தன. முழுச் சொத்தை! சிவப்பையும் அதே போலக் குத்திப் பார்த்தேன். இரும்பு இரும்பாக இருந்தது.

அப்போது நான் செய்ததை உங்களிடம் உள்ளபடி சொல்கிறேன். நீலத்தின் விரிப்பை ஓரம் மடங்காமல் இழுத்து மூடினேன். பிறகு சிவப்பின் கதவைத் திறந்து, முகப்பில் தூசி படிந்து எண்ணே தெரியாமல் கிடந்த பித்தளைத் தகட்டை என் கைக்குட்டையால் துடைத்தேன். நன்றாக, பளிச்சென்று துடைத்தேன்.

இருபத்தாறு.

அதைத் துடைத்தபோது எனக்கு என்ன எண் வரும் என்று தெரியாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஓட்டிப் பார்த்த அன்றே அதை நகத்தால் சுரண்டிப் படித்திருந்தேன்.

செல்வராஜைக் கூப்பிட்டேன். “கண்டுபிடிச்சவன் நீ. அதனால முதல்ல நீ எடுத்துக்கோடா. மிச்சம் எது இருக்கோ அது எனக்கு” என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்து அழுத்தினான். நேராகப் போய்ச் சிவப்பில் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைத் தடவினான். அப்புறம் தகட்டைப் பார்த்தான்.

“ரெண்டும் ஆறும்… எட்டுடா மச்சி.”

அவன் இறங்கிப் போய் நீலத்தின் தகட்டைப் பார்த்தான். நாற்பத்தைந்து, ஒன்பது. அவன் முகம் தெளிந்தது. ஆனால் கதவில் கை வைத்தவன் மறுபடி என்னிடம் வந்தான்.

“நான் வேணாம்னு தள்ளுற எட்ட உன் தலையில கட்டுறதா? அது பாவம்டா. நீ நீலத்த எடுத்துக்கோ. எனக்கு வண்டியே வேணாம், போ.”

பார்த்தீர்களா… அவன் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டான். அடியில் சொத்தையடா, நீலம் யாருக்குமே வேண்டாம் என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சிரித்துக்கொண்டே, “எனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதே. எட்டு என்னை என்ன பண்ணிடும்?” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு தகட்டைத் துடைத்தேன், ஒரு விரிப்பை மூடினேன். இப்படி எனக்கு நானே பல வருடங்கள் சொல்லிக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

வண்டி கைமாறட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால் தீர்ந்தது. பெரிய வேலை இல்லை. ஆனால் சொன்னால் அவன் கேட்கும் முதல் கேள்வி என்ன? எப்போது பார்த்தாய் என்றுதானே கேட்பான்! அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போடப் போட, பதில் இன்னும் கடினமாயிற்று.

இதற்கு நடுவே எனக்குப் பேர் வேறு வந்தது. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் செல்வராஜ் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிடுவான். “நல்லதா பாத்து முதல்ல நீ எடுத்துக்கோன்னு சொன்னான் சார் இவன். இந்தக் காலத்துல எவன் சொல்வான்?” நான் தலையைக் குனிந்து பாயசத்தைப் பார்ப்பேன். அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் ஒருமுறை, “அந்த மனுஷர் சொல்றச்சே உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போறது?” என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஒரு மாலை அவன் நீல வண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். பக்கத்து இருக்கையில் அவன் மகள், ஐந்து வயதுக் குழந்தை. அவன் இறங்கியதும் அவள் ஓட்டுபவர் இருக்கைக்குத் தாவி, அதன் மேல் ஏறி நின்று குதித்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “குதிக்காதே கண்ணா, கீழே இறங்கு” என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டு, காப்பி சாப்பிட உள்ளே கூப்பிட்டுப் போனேன். உங்களுக்கு என்னை வெறுக்கத் தோன்றினால் இந்த இடத்தில் வெறுத்துவிடுங்கள். சிவப்புக்காக மூடியது ஆசை. அன்று வாயை மூடிக்கொண்டது வெறும் கோழைத்தனம்.

மழைக்காலம் முடிந்த சமயம், அடையாறு பாலத்தில் அது நடந்தது. நல்லவேளையாக அவன் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் இருக்கை தரையோடு பெயர்ந்து சாய்ந்தது. பிடி தவறியது, வண்டி இடது பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. ஓட்டுபவர் உட்காரும் பக்கமும் அதுதானே… முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி வசந்தா என்னிடம் வந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“அண்ணா, வாங்கறப்ப நீங்கதானே உள்ள போய்ப் பாத்தீங்க. அடியில ஒண்ணும் தெரியலீங்களா?”

“தெரியலம்மா” என்றேன்.

செல்வராஜ் குடும்பத்தாரிடம் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வண்டியைப் பிரித்த மெக்கானிக், ஆஸ்பத்திரிக்கே வந்து செல்வராஜிடம் சொன்னார். “உப்புக் காத்து நைனா. அடியில ஃபுல்லா அரிச்சுப்போய்க் கீது. மேல நீட்டா விரிச்சி மூடி வுட்டுக்கிறாங்க.”

செல்வராஜ் அந்த ஃபைனான்சியரைத் திட்டினான். மனுஷன் பாவம், ஒன்றும் அறியாதவர். எங்கோ வெளிநாட்டில் இருந்தார். நான் அதற்கும் பேசாமல் நின்றேன். மெக்கானிக் போன பிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு வகையில நல்லதுடா மச்சி. நான் மட்டும் சிவப்ப எடுத்திருந்தா, இது உன்கிட்ட வந்திருக்கும். உனக்கு ஆயிருந்தா நான் எப்படிடா தாங்குவேன்?”

அவன் தாங்கியிருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். நான் தாங்கிக்கொண்டு நிற்கிறேன் பாருங்கள்… அதுதான் என்னைப் பற்றிய உண்மை.

இரண்டு அறுவைச் சிகிச்சைகள் செய்தார்கள். கால் நீட்டியபடியே நின்றுவிட்டது. கிளட்சை மிதிக்க முடியாது என்பதால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டான். நீல வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அதன் பித்தளைத் தகட்டை மட்டும் கழற்றிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறான்.

சொல்லிவிட வேண்டும் என்று பல முறை கிளம்பியிருக்கிறேன். சொன்னால் பாரம் இறங்கும். ஆனால் யாருடைய பாரம்? அவனுக்குக் கால் போயிற்று, மிச்சமிருக்கும் நண்பனும் போய்விடுவானே என்று ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். அது அவன் மேல் உள்ள கருணையா, என் மேல் உள்ள பயமா? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

சிவப்பை விற்கவும் என்னால் முடியவில்லை. விற்கப்போகிறேன் என்றதும் அவனே தடுத்துவிட்டான். “நான்தான் ஓட்ட முடியாது. உக்காரவாவது விடேன்” என்றான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் வரை போய்வருகிறேன். ஏறியதும் தன் கைக்குட்டையால் அந்தத் தகட்டைத் துடைப்பான். “எட்டு உனக்கு ஒத்துப்போச்சு மச்சி” என்பான், ஒவ்வொரு முறையும்.

ஸ்டியரிங் இடது பக்கம் அல்லவா? நம் ஊரில் ஓட்டுபவர் உட்காரும் வலது பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். சிக்னலில் நின்றால் சைக்கிளில் வரும் பிள்ளைகள் அவன்தான் ஓட்டுகிறான் என்று நினைத்து அவனுக்குத்தான் கையசைக்கிறார்கள். அவனும் பெருமையாகக் கையசைக்கிறான்.

இருக்கைகளுக்கு நடுவே இடம் குறைவு. கியர் மாற்றும்போதெல்லாம் என் புறங்கை, மடங்காத அந்த முழங்காலில் போய் இடிக்கிறது.

“வலிக்குதாடா?” என்று கேட்கிறேன்.

“அதுல உணர்ச்சியே கிடையாதுடா. நீ பாட்டுக்கு ஓட்டு” என்கிறான்.