விளக்கு வைத்த பின் ஊசி கேட்டு வந்தவள்

கம்பளி நூலில் பின்னத் தொடங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். பின்னிக்கொண்டே போவதும் தெரியும். முடிப்பது மட்டும் தெரியாது. கல்கத்தாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் மடியில் கிடந்த சிவப்பு மப்ளர் அந்தக் காரணத்தால்தான் வளர்ந்துகொண்டே போயிற்று.

சொல்லிக் கொடுத்தவள் ஒரு மிஷன் துரைசானி. பவானிபூர், டாலிகஞ்ச் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கைவேலை கற்பிப்பவள். என் கணவரே விசாரித்து, புதன்கிழமை தோறும் வரும்படி ஏற்பாடு செய்தார். நான் நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. அவள் பேசியது பெங்காலி. எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் விரலைப் பார்த்தேதான் கற்றேன். ஆறு புதன்கிழமைகள் ஒழுங்காகப் போயின. ஏழாவது புதன்கிழமை அவள் பையிலிருந்து ஒரு வர்ணப் படத்தை எடுத்து விரித்து, கர்த்தரின் கதையைத் தொடங்கினாள். அன்று பார்த்து என் கணவர் காய்ச்சல் என்று உள்ளறையில் படுத்திருந்தார். அத்தோடு பாடம் நின்றது. மப்ளரை முடிப்பது எட்டாவது புதன்கிழமைக்கு என்று வைத்திருந்தாள் போலும்.

பின்னல் ஊசியை உருவினால் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஓடிவிடும். அதனால் உருவ முடியாது. நூல் தீரும் வரை பின்னுவேன். தீர்ந்ததும் எல்லாவற்றையும் பிரித்து உருண்டையாகச் சுற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். பிரிப்பதில் ஒரு சுகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு இழு இழுத்தால் ஒரு வரிசை போகும். பல வார உழைப்பு அரை மணியில் சேவை பிழிந்தது போல நெளிநெளியாக மடியில் குவியும். பிறகுதான் வயிறு எரியும்.

"ஏண்டி, இதைக் கழுத்துல சுத்திண்டு நான் டிராம்ல போனா, நான் ஆபீஸ்ல இறங்கினப்புறமும் வால் நம்ம டாலிகஞ்ச்லயே நிக்குமே" என்பார் அவர்.

"நின்னா நிக்கட்டும். ஆத்துக்குத் திரும்பி வர வழி தெரியும்" என்பேன்.

எங்கள் இருவருக்குள் ஒரு நாளைய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பினால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வருவார். நடுவில் பாத்திரம் தேய்க்க ஒருத்தி வந்து போவாள். அவளுக்கும் எனக்கும் நடந்ததெல்லாம் கை ஜாடைதான். தமிழ் பேசும் வீடு இருந்தது டிராம் ஏறிப் போகும் தூரத்தில். மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை போவோம். மற்ற நாட்களில் நான் நூலோடு பேசினேன். சிக்கல் விழுந்தால் வாய்விட்டுத் திட்டுவேன். சனியனே என்று சொல்லவாவது ஒரு ஜீவன் வேண்டாமா?

பின்னலுக்கு முன்பே தையல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்து கொண்டு வந்த ரவிக்கைகள் ஒவ்வொன்றாக இற்றுப் போயின. தெருமுனைத் தையற்காரர் நல்லவர்தான், ஆனால் அன்னிய ஆண்பிள்ளை முன்னால் நின்று அளவு கொடுக்க யாரால் முடியும்? எனவே ஒரு பழைய ரவிக்கையைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைப் புதுத் துணிமேல் பரப்பி வெட்டினேன். இரண்டு நாள் குனிந்து தைத்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு கை சரியாக இருந்தது, மற்றது பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு முதுகைச் சொறியப் போவது போல நின்றது. இரண்டு கைகளையும் இடது கைக்கே வெட்டியிருந்தேன். அழுதேன். துணி போயிற்றே என்று மட்டும் அழவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லையே என்றும் அழுதேன்.

ஆனால் சிரிக்க ஓர் ஆள் இருந்தாள். எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஜன்னல். அதில் என் வயதுள்ள பெங்காலிப் பெண் ஒருத்தி மத்தியானங்களில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டு இளைய மருமகள். பழம் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சிறு சிறு ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை செய்வார்களே, காந்தா என்று, அதைத் தைத்துக்கொண்டிருப்பாள். பழைய புடவைக் கரையிலிருந்து வர்ண நூலை ஒவ்வோர் இழையாக உருவித்தான் தைப்பாள். அன்று நான் அந்த ரவிக்கையை ஆத்திரத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அவள் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் நான் இன்னொருவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மத்தியானம் ஜன்னலில் உட்காராமல் இருக்க முடியவில்லை. அவள் ஒரு பூவைத் தைத்து முடித்தால் தூக்கிக் காட்டுவாள். நான் மப்ளரைக் காட்டுவேன். ஒவ்வொரு வாரமும் அது நீண்டிருப்பதைப் பார்த்து, இரு கைகளையும் அகல விரித்துக் கேலி செய்வாள். மழைக்காலத்தில் அந்த ஊர் ஈரத்தில் ஊசி துருப்பிடித்துத் துணிக்குள் இறங்க மறுக்கும். நான் ஊசியைத் தலைமுடியில் இரண்டு தரம் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொள்வேன். அதே வேளையில் அவளும் தேய்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஊரில் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவள் ஒரு நாள் வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தால் என்ன சொல்வது?

"உட்காருன்னு சொல்றதுக்கு அவா பாஷைல என்ன?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"போஷோ" என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குழம்பைக் கிளறும்போது சொல்லிப் பார்ப்பேன். பாயைத் தட்டிப் போடும்போது சொல்லிப் பார்ப்பேன். போஷோ. உட்கார வைத்துவிட்டால் போதும், மற்றதைக் கை ஜாடை பார்த்துக்கொள்ளும். அப்படியே மப்ளரை முடிக்கும் வழியையும் அவளிடம் கேட்டுவிடலாம். நானே போயிருக்கலாம்தான். ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? அவளும் அப்படியே நினைத்திருப்பாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இருவரும் உட்கார்ந்திருந்ததில் ஒரு வருஷம் போயிற்று. அதற்குள் பெங்காலி கேட்டால் எனக்குப் பாதி புரிய ஆரம்பித்தது. பேசத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மார்கழியில் ஒரு மத்தியானம் என் கணவரின் கோட்டு உள்துணி கிழிந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன். மடிப்பு தடித்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். ஊசி படக்கென்று இரண்டாக ஒடிந்தது. இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எதிர் ஜன்னலில் அவள் 'த்சு த்சு' என்று உச்சுக் கொட்டினாள். பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் இன்னும் இரண்டு ஊசி வைத்திருந்தேன். ஆனால் எரிச்சலில் கோட்டைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். எதிர்வீட்டில் இரண்டு நாளாகப் பெட்டி இறக்குவதும் ஏற்றுவதுமாக ஒரே சந்தடி. ஏதோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கரியடுப்புப் புகை சந்து முழுவதும் நிறைந்திருந்தது. விளக்கேற்றி நமஸ்காரம் செய்து நிமிர்ந்தேன். கதவுச் சங்கிலி ஆடிற்று. திறந்தால் அவள்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் நின்றாள். ஜன்னலில் பார்த்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். நெற்றியில் அம்மைத் தழும்பு. அதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. அவள் ஏதோ வேகமாகச் சொன்னாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் தைத்துக் காட்டி, "சூச்" என்றாள். ஊசி. வாசலில் விற்க வருகிறவன் கூவுகிற சொல், அது எனக்குத் தெரியும்.

விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் அந்த வேளையில் ஊசி என்ற பேச்சைக்கூட எடுக்கமாட்டார்கள். லட்சுமி போய்விடுவாள். கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்குப் பாஷை தெரியாது. விளக்கு முன்னால் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரித்தேன்.

அவள் என் விரித்த கைகளைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் அறைக்குள் ஒரு தரம் பார்த்தாள். சுவரோரம் பாய் சுருட்டி வைத்திருந்தது. பிறகு என் உள்ளங்கைகளை ஒன்றாகச் சேர்த்து மூடினாள். சிரித்தாள். படியிறங்கிப் போய்விட்டாள். நான் சங்கிலியைப் போட்டேன்.

ஒரு வருஷமாக வாயில் வைத்திருந்த அந்த ஒரு சொல் அப்போது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி என்று கேட்டதும் காது, வாய், புத்தி எல்லாம் அடைத்துக்கொண்டன.

அவர் வந்ததும் சொன்னேன்.

"அதுக்கென்ன, கார்த்தால கொண்டு போய்க் குடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் குளித்து, கோலம் போட்டு, அவரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, எண்ணெய்த் துணியிலிருந்த இரண்டு ஊசிகளையும் எடுத்தேன். வெறும் ஊசியாகக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டிலும் நூல் கோத்தேன். தலையை நன்றாக மூடிக்கொண்டு முதல் முறையாகச் சந்தின் குறுக்கே நடந்து எதிர்வீட்டுப் படியேறினேன்.

கதவைத் திறந்தவள் அவளுடைய மூத்த ஓரகத்தி. நாற்பது வயதிருக்கும், கை முழுக்க மாவு. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பாயைத் தட்டிப் போட்டாள்.

"போஷோ" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். இளையவள் விடியற்காலையிலேயே போய்விட்டாள். ரங்கூனுக்கு. அவள் புருஷனுக்கு அங்கே வேலை. கப்பல் இந்நேரம் ஆற்றில் கார்டன் ரீச் துறையைத் தாண்டியிருக்கும். எப்போது வருவாளோ, தெரியாது. அப்புறம் எழுந்து மாடத்திலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

திறந்தேன். உள்ளே ஊசிகள். மயிரிழை போல மெல்லியதிலிருந்து சாக்குத் தைக்கும் கோணி ஊசி வரை, ஒரு சிவப்புத் துணியில் வரிசையாகக் குத்தியிருந்தன. பக்கத்தில் புடவைக் கரையிலிருந்து உருவிய நூல், சிறு சிறு சுருளாக.

ஓரகத்தி சொன்னது இதுதான். அந்த மதராஸ்காரப் பெண்ணின் ஊசி ஒடிந்துவிட்டது, வேறு வைத்திருக்கிறாளா என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாளாம். திரும்பி வந்து, பாவம், கையை விரிக்கிறாள், ஒன்றுகூட இல்லை என்றாளாம். நம் வீட்டில் விளக்கு வைத்த பின் ஊசி கைமாறாது, அதனால்தான் கையில் கொண்டு போகவில்லை, நீ பகலில் கொடுத்துவிடு அக்கா, என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனாளாம்.

கொடுக்க வந்தவளைக் கேட்க வந்தவள் என்று நினைத்துவிட்டேன். என் கைக்குள் நூல் கோத்த இரண்டு ஊசிகள் இருந்தன. அவற்றை முந்தானையில் செருகி மறைத்தேன். ஓரகத்திக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்ற வெட்கம் ஒரு பக்கம். அவளே கேட்க வந்திருந்தாலும்தான் என்ன? சாஸ்திரம் ஊசியைத்தானே தடுத்தது, பாயை யார் தடுத்தார்கள்? ஊசி தராமலே உட்காரச் சொல்லியிருக்கலாமே? வேறொன்றும் வேண்டாம், அந்தப் பாயை விரித்திருந்தால் போதும். அங்கேயே அழுதுவிட்டேன். அவள் ஊர் விட்டுப் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் முதுகைத் தடவினாள்.

எதிர் ஜன்னல் அதற்குப் பிறகு பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. மூத்தவளுக்கு வீட்டு வேலை தலைக்குமேல். மப்ளரை அந்த மாதமே முடித்தேன். டப்பாவிலிருந்த தடித்த ஊசியில் அவள் உருவி வைத்த நூலைக் கோத்து, கண்ணிகள் ஓடாமல் ஒவ்வொன்றாகக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டேன். முறையான வழி அது இல்லை. ஓரம் சுருங்கிக் கட்டிபட்டுக் கிடந்தது. அவர் எட்டு குளிர்காலம் அதைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்.

ரங்கூனில் அவள் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாளோ, எதிரே யார் இருந்தார்களோ தெரியாது. அங்கே பேசுவது இன்னொரு பாஷை. ஊசியையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். போன இடத்தில் அவளுக்கு யாரேனும் ஒரு பாயைப் போட்டிருக்க வேண்டும் என்று நான் அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு எனக்கு பெங்காலி நன்றாகவே வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து போவார்கள். கதவைத் திறந்ததும், யார், எதற்கு என்று கேட்பதற்கு முன்பே போஷோ என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன் என்று என் கணவர் கடைசிவரை கேலி செய்தார்.